சான்றுகளுடன் சமூகமளிக்கவும்

திருகோணமலை,
15.01.1974

அன்புள்ள மலருக்கு,

பொங்கல் பொங்கியது. பால் எந்தப் பக்கம் வழிந்தால் நல்லது என்று சொல்ல நீர் பக்கத்தில் இல்லை. ஆகையால் வழிந்த பக்கமே நல்ல பக்கம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. இருமல் இருக்கிறது, இந்த மழைக்கு அது ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. வெள்ளவத்தை விடுதியில் சோறு கஞ்சி மாதிரி வருகிறது என்று எழுதியிருந்தீர். அரிசி அனுப்பலாம் என்றால் வழியில் மறித்துப் பிடிக்கிறார்கள். கருவாடு அனுப்புகிறேன். அதைப் பிடிக்க இன்னும் சட்டம் வரவில்லை.

இரும்புக்கடை ஓடுகிறது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்ற நாளில் இருந்து புதுசு கேட்டு வருபவர்கள் குறைவு. பழையதுக்கு ஒரு துண்டு கிடைக்குமோ என்று கேட்டு வருபவர்கள்தான் கூட. ஆணி இருக்கிறது, கூரைத் தகடு இல்லை. மட்டக்களப்பில் இருந்து மகள் எழுதியிருக்கிறாள். "அப்பா தனிய என்ன சாப்பிடுறீங்கள்" என்று ஒரு பக்கத்துக்குக் கேட்டிருக்கிறாள். அம்மா எப்படி இருக்கிறா என்று ஒரு வரியும் இல்லை. உம்மில் கோபம் போலக் கிடக்கிறது. அவளுக்கு நீரே எழுதும். நான் நடுவில் நிற்க மாட்டேன்.

இனி உம்முடைய விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கடிதம் கிடைத்தது. கிண்ணியா ஸஹாப்தீன் மர விலை பேசக் கடைக்கு வந்திருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், மிஸ் கடுதாசியிலயும் ஏசுறாவோ?" என்று கேட்டான். இல்லை, பெரிய உத்தியோகம் வந்திருக்கிறது என்றேன். அமைச்சில் மூன்று மாதப் பயிற்சிக்கு என்று கூப்பிட்டவர்கள், தீவில் உள்ள எல்லாத் தொழிற்கல்லூரிகளுக்கும் பணிப்பாளராகக் கொழும்பிலேயே இருக்கச் சொல்கிறார்கள், மாத முடிவுக்குள் மறுமொழி கேட்கிறார்கள் என்று சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டான். பிறகு என்னை இன்னொரு தரம் பார்த்துவிட்டு மர விலையைத் தானாகக் குறைத்தான். அவன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்பது உமக்குத் தெரியும்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டிருக்கிறீர். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அது சின்னக் கதிரை இல்லை, பெரிய பதவி. என் கடைக்கு மேல்மாடியில் மூன்று ரைப்ரைற்றரோடு தொடங்கின ஆள் நீர். அந்தச் சத்தம் தாங்க ஏலாமல் நான் மேலே சண்டைக்கு வந்ததும், சண்டை கல்யாணத்தில் முடிந்ததும் ஊருக்கே தெரிந்த கதை. பிறகு வெள்ளைக்காரன் கப்பல் திருத்துகிற டொக்யாட்டை விட்டுவிட்டுப் போக, வேலை போனவர்கள் கடைத்தெருவில் கும்பலாக நின்றார்கள். அவர்களில் ஆறேழு பேரை மாடிக்கு ஏற்றினீர். "கை பழகின ஆக்கள், கொஞ்சம் கணக்கும் எழுத்தும் குடுத்தாக் காணும்" என்றீர். என் படிகள் ஆடத் தொடங்கின. மாடியில் இடம் போதாமல் வாடகைக்கு மண்டபம் எடுத்தீர். மண்டபத்தை அரசாங்கம் எடுத்துத் தொழிற்கல்லூரி ஆக்கியது. ரைப்பிங் ரீச்சராக இருந்த நீர் விரிவுரையாளர் ஆகி, உப அதிபர் ஆகி, அதிபர் ஆனீர். ஒருவருடைய காலையும் பிடித்து ஏறவில்லை. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

உம்முடைய ஒரு கொள்கைக்குத்தான் எனக்கு இன்றைக்கும் முழுச் சம்மதம் இல்லை. வாசலுக்கு வந்த பிள்ளை ஒன்றும் வீண் போகாது என்கிறீர். நான் வியாபாரி. மூட்டைக்குள் சொத்தை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உம்மோடு இதைப் பேசி நான் வென்றதும் இல்லை.

இன்னொன்று. உமக்குப் பதிலாக இருக்கும் தங்கரத்தினம் மாஸ்டர் இந்த வருடச் சேர்க்கைக்கு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார். அமைச்சில் இருந்து புதுச் சுற்றுநிருபம் வந்ததாம்: ஜீ.சீ.ஈ. சோதனையில் ஆறு பாடம் சித்தியடையாதவர்களைச் சேர்க்கக் கூடாதாம். மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. சுற்றுநிருபம் என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும், அவ்வளவுதான். உம்முடைய வழமை அவருக்கு முதலில் இருந்தே பிடிக்காது. சேர வருகிற பிள்ளையிடம் வீட்டில் பழுதான சாமான் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வதும், அது எப்படிப் பழுதானது என்று கேட்பதும் ஒரு கல்லூரிக்கு அடுக்குமோ என்று என்னிடமே கேட்டவர். இந்த முறை அறிவித்தலில், "விண்ணப்பதாரிகள் தகைமைக்குரிய சான்றுகளுடன் சமூகமளிக்கவும்" என்று போட்டிருக்கிறார். ஆறு பாடம் என்ற கதையைச் சின்ன எழுத்தில் கீழே போட்டிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை நேர்முகம்.

அங்கே இரும் என்றோ திரும்பி வாரும் என்றோ இந்தக் கடிதத்தில் நான் சொல்லவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன். தலைக்கு எண்ணெய் வையும். கொழும்புத் தண்ணீருக்கு மயிர் கொட்டும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
வே. கனகசுந்தரம்


திருகோணமலை,
22.01.1974

அன்புள்ள மலருக்கு,

கருவாடு கிடைத்ததோ? அறைக்குள் வைக்க வேண்டாம், விடுதிக்காரி உம்மை வெளியேற்றிவிடுவாள்.

நேற்று நடந்ததை முதலில் இருந்து சொல்லுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியும். ஆனால் முடிவு வரைக்கும் வாசியும்.

காலையில் மாரிமழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் கடை திறந்து சாமி விளக்குக் கொளுத்தக்கூட இல்லை, அதற்குள் கல்லூரிப் பியோன் ஓடி வந்தான். "முதலாளி, மாஸ்டர் கையோட கூட்டி வரட்டாம், சனம் மறியல் செய்ய வந்திட்டுதாம்" என்றான். போய்ப் பார்த்தேன். குடாவைக் கடந்து மூதூர் லாஞ்சில் வந்த கூட்டம் இறங்கி நேராகக் கல்லூரிக்கு வந்திருக்கிறது. குச்சவெளி பஸ்ஸில் வந்ததும் சேர்ந்துவிட்டது. ஒருத்தன் தலையில் வளைந்த சைக்கிள் றிம். ஒருத்தன் கையில் பிறைமஸ் அடுப்பு. முதுகு இல்லாத றேடியோ, கண்ணாடி போன லாம்பு, பூட்டு, சாவி இல்லாத இன்னொரு பூட்டு. சாம்பல்தீவுப் பெடியன் வேலன் தகப்பனுடைய படகு மெசினின் காற்றாடியைச் சாக்கில் சுற்றிப் பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கிறான். தங்கரத்தினம் மாஸ்டர் வாசல் கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே நிற்கிறார். இரும்பும் தகரமுமாகச் சனம் வந்தால் பயப்படாமல் என்ன செய்வார்?

"முதலாளி, இது கல்லூரியோ, பழைய இரும்புக்கடையோ?" என்று கேற்றுக்கு உள்ளே இருந்து கேட்டார். பழைய இரும்புக்கடை என்னுடையது, அது அடுத்த தெருவில் இருக்கிறது, எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகுதான் விஷயம் வெளித்தது. அறிவித்தலை மூதூர் இறங்குதுறையில் வாசித்துச் சொன்னது நம்முடைய ஸஹாப்தீன். சான்று என்றால் என்ன என்று சனம் கேட்டிருக்கிறது. அவன் யோசித்துவிட்டு, "வேற என்ன, மிஸ் வருசாவருசம் கேக்கிற சாமான்தான், இந்தமுறை அரசாங்கக் கந்தோர்த் தமிழில எழுதியிருக்கு" என்று சொல்லியிருக்கிறான். கிண்ணியாவிலும் அதையே சொல்லியிருக்கிறான். சின்ன எழுத்தை அவன் வாசிக்கவில்லை, கண்ணாடி வீட்டில். கூட்டத்தோடு வந்து நின்றவனை ஏசினேன். அவன் என்னிடம், "அப்ப சான்றெண்டா என்ன மச்சான்? உடைஞ்சது உடைஞ்சதெண்டு காட்டுறதுதானே?" என்று திருப்பிக் கேட்டான்.

மாஸ்டர் கேற்றடியில் நின்று சுற்றுநிருபத்தை வாசித்தார். ஆறு பாடம் சித்தி இருக்கிறவர்கள் கை உயர்த்தச் சொன்னார். இரண்டு கை உயர்ந்தது. அதில் ஒன்று மழை வருகிறதோ என்று பார்க்க நீட்டினது. மழையும் வந்தது. ஒருவரும் அசையவில்லை. லாஞ்ச் பின்னேரம்தானே திரும்பும். போக இடமும் இல்லை. சாமான் நனையக் கூடாது என்று சட்டையைக் கழற்றி மூடுகிறார்கள், தாங்கள் நனைகிறார்கள். பழுதான சாமானுக்கு இவ்வளவு பவுசு நான் கண்டதில்லை.

எல்லோரையும் என் கடைப் பின் கொட்டிலுக்குக் கூட்டி வந்தேன். இரக்கம் என்று நினைக்க வேண்டாம். கல்லூரி வாசலில் சனம் நனைந்து நின்றால் நாளைக்கு அது உம்முடைய பெயருக்குத்தான் இழுக்கு. மழைக்குப் படங்கு இழுத்துக் கட்டி, இருக்க வாங்கு போட்டு, தேத்தண்ணி கொடுத்தேன். அப்போது ஸஹாப்தீன், "மச்சான், வந்ததுகள் வந்திட்டுதுகள், மிஸ்ஸின்ர கதிரையில நீ இருந்து கேளு" என்றான். எனக்கு என்ன தெரியும், நான் எட்டாம் வகுப்பு என்றேன். "கேக்கிறதுக்கு எதுக்குப் படிப்பு, சொல்லுறது அதுகள்தானே" என்றான். இருந்தேன்.

உமக்கு நினைவிருக்கும், ஒருநாள் நான் உம்மைக் கேட்டேன்: நீர் ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதை நான் காணவில்லை, பிறகு என்ன நேர்முகம், என்ன சாமான் என்று. நீர் சொன்னீர், "இதுகளிட்ட இவ்வளவு காலமும் தெரியாததைத்தான் கேட்டிருக்கினம். உள்ள வரேக்க முதல் கேள்வியாவது மறுமொழி தெரிஞ்ச கேள்வியா இருக்கட்டும்." நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நேற்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் கண்டேன். கேற்றடியில் தலையைக் குனிந்து நின்ற அதே பிள்ளைகள், இது எப்படிப் பழுதானது என்று கேட்டவுடன் ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள். வேலன் கடற்பாறையில் காற்றாடி அடிபட்ட கதையைக் கையால் அலை காட்டிச் சொன்னான். தகப்பன் ஏசின ஏச்சையும் சேர்த்துச் சொன்னான். அதை இங்கே எழுத ஏலாது.

மூதூர்ப் பிள்ளை ஒன்று, பெயர் றஹ்மா. உம்மாவின் தையல் மெசினின் தலையைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு லாஞ்சில் வந்திருக்கிறாள். எப்படிப் பழுதானது என்றேன். "பழுதாகேல்ல முதலாளி, நான்தான் பழுதாக்கினனான்" என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கழற்றினாளாம். திருப்பிப் பூட்டினபோது நாலு திருகாணி மிச்சமாம். அதைச் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்திருக்கிறாள். அவிழ்த்துக் காட்டினாள். உம்மா என்ன சொன்னா என்று கேட்டேன். "கணக்கில பெயில் விட்டவளுக்கு மெசின் ஒரு கேடோ எண்டு கேட்டா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ் வரமாட்டாவோ?" என்று கேட்டாள். இன்னொரு தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன்.

பின்னேரம் தங்கரத்தினம் மாஸ்டர் குடையோடு வந்து கொட்டில் வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. போகும்போது என்னை வெளியே கூப்பிட்டு, "முதலாளி, நான் கல் இல்லை. ஆனா சுற்றுநிருபத்துக்கு மேல என்ர கையெழுத்து நிக்காது. ஒண்டில் மிஸ் திரும்பி வந்து தன்ர பொறுப்பில எடுக்கட்டும். இல்லாட்டிக் கொழும்பில இருந்து வேற சுற்றுநிருபம் வரட்டும். மாத முடிவு வரைக்கும் நான் சேர்க்கையை மூடாமல் வைச்சிருக்கிறன்" என்றார். அந்த மனிதருக்கு அது பெரிய துணிச்சல். நான் அவருக்குக் கை கொடுத்தேன்.

இப்போது விளங்குகிறதுதானே. இந்தப் பிள்ளைகள் உள்ளே போவதும் போகாததும் உம்முடைய மறுமொழியில் நிற்கிறது. நீர் திரும்பி வந்தால் இவர்கள் சேருவார்கள். நீர் ஓய்வு பெறும் மட்டும் எங்கட கேற் திறந்திருக்கும். ஆனால் வவுனியாவிலும் அம்பாறையிலும் ஹம்பாந்தோட்டையிலும் இதே சுற்றுநிருபம் ஒட்டியிருக்கிறதுதானே? அங்கே ஒரு கேற்றுக்கு வெளியே தமிழிலோ சிங்களத்திலோ இதே கதை நடக்கும். அதைத் திறக்க ஆர் இருக்கிறார்கள்? நீர் அங்கே சும்மா பணிப்பாளராகப் போய் இருந்தாலும் பிரயோசனம் இல்லை. இதே சுற்றுநிருபத்தின் கீழ் உம்முடைய கையெழுத்து வரும். அது இன்னும் கேவலம்.

ஆகையால் நான் எனக்குத் தெரிந்த தொழிலில் இருந்து சொல்கிறேன். அமைச்சு உம்மைக் கேட்டு வந்தது. நீர் அவர்களைக் கேட்டுப் போகவில்லை. கேட்டு வந்தவனிடம்தான் விலை சொல்லலாம். ஆறு பாடக் கட்டுப்பாட்டை எடுத்து, நேர்முகத்தின் பேரில் அதிபர் சேர்க்கலாம் என்று மாற்றினால் வருகிறேன், இல்லாவிட்டால் திருகோணமலைக்கு ரயில் இருக்கிறது என்று சொல்லும். பதவியை எடுத்தபிறகு கேட்டால் அதற்குப் பெயர் விண்ணப்பம். இப்போது கேட்டால் நிபந்தனை. கடுமையாகக் கேட்க வேண்டாம். நீர் மாணவர்களிடம் கேட்கிற மாதிரி மெதுவாக, ஆனால் மறுமொழி வரும் மட்டும் அசையாமல் இரும். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் ஒருநாளும் நின்றுபிடித்ததில்லை. அவர்கள் மட்டும் என்ன?

அவர்கள் ஓம் என்றால் நீர் அங்கேயே இருக்க வேண்டி வரும். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். கடையை விட்டு எனக்கு வர ஏலாது. அதுவும் உமக்குத் தெரியும்.

இதைத் தபாலில் போட ஸஹாப்தீன் காத்து நிற்கிறான். ட்ரங்க் கோல் எடுக்கலாம் என்றான். தபால் கந்தோரில் கதைத்தால் பொழுதுபடுமுன் கடைத்தெருவுக்கே தெரிந்துவிடும்; கடிதம்தான் நல்லது.

இப்படிக்கு,
வே. கனகசுந்தரம்


திருகோணமலை,
03.02.1974

அன்புள்ள மலருக்கு,

தந்தியும் கிடைத்தது, பின்னால் வந்த கடிதமும் கிடைத்தது. அமைச்சுச் செயலாளரின் அறையில் நீர் ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் இருந்த கதையை வாசித்துத் தனியே இருந்து சிரித்தேன். கடைப் பெடியன்கள் பயந்துவிட்டார்கள்.

ஆறு பாடக் கட்டுப்பாட்டை எடுத்த புதுச் சுற்றுநிருபம் வியாழக்கிழமை கல்லூரிக்கு வந்துவிட்டது. தங்கரத்தினம் மாஸ்டர் அதை எடுத்துக்கொண்டு குடையும் இல்லாமல் என் கடைக்கே வந்தார். "முதலாளி, வந்திட்டுது, வந்திட்டுது" என்றார். தனக்குச் சம்பள உயர்வு வந்த மாதிரி. உடனே மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் ஸஹாப்தீனிடம் சொல்லி அனுப்பினேன். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு போனான்.

நேற்று நேர்முகம் நடந்தது. மாஸ்டர் தானே இருந்து கேட்டார். உம்முடைய கேள்வியைத்தான் கேட்டார். ஆனால், "இப்பொருள் எவ்வாறு பழுதடைந்தது?" என்று கேட்டார். வேலன் முழித்தான். நான் பக்கத்தில் இருந்து, "டேய், என்னெண்டு உடைச்சனீ?" என்று மொழிபெயர்த்தேன். பிறகு அலை அடித்தது. அந்த ஏச்சையும் அவன் விடவில்லை. மாஸ்டர் காதைப் பொத்தவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

றஹ்மாவை எடுத்தாயிற்று. உம்மாவும் கூட வந்திருந்தா. மெசினைத் திருப்பிக் கொண்டு போகட்டோ என்று கேட்டா. மாஸ்டர், "இல்லை உம்மா, அது இங்க கிடக்கட்டும், பிள்ளை பூட்டி முடிய அதையும் பிள்ளையையும் சேர்த்துத் தாறம்" என்றார். அது அவருடைய சொந்த வசனம், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொத்தை பற்றிய என் கொள்கையை நான் விடவில்லை, மலர். சிலது கட்டாயம் வீண் போகும். ஆனால் எது என்று கேற்றுக்கு வெளியே நின்று பார்த்துச் சொல்ல ஏலாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இதை வைத்து ஊரெல்லாம் சொல்லித் திரிய வேண்டாம்.

மாஸ்டரை அதிபராக நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கேள்வி. உம்முடைய அறைக் கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, மரியாதையாகப் பியோனிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். நல்ல முதிரைப் பலகை. எந்தச் சுவரில் கொழுவுவது என்று தெரியவில்லை. இப்போதைக்கு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

மகளுக்கு நீர் எழுதின கடிதம் சேர்ந்திருக்கிறது. என் அம்மா பணிப்பாளர் என்று அங்கே எல்லோருக்கும் சொல்லித் திரிகிறாளாம். கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்குச் சமைக்கப் பக்கத்து வீட்டு மூத்ததம்பியின் பெண்சாதியை ஒழுங்கு செய்திருக்கிறேன். நல்ல மனுசி. உப்பைக் கண்டால் அவவுக்குக் கை நிற்காது. பழகிவிடும்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்துகிறது. நாங்கள் சொன்ன நிபந்தனையை அவர்கள் ஒரு கிழமைக்குள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். சொன்ன விலையை ஒருவன் பேரம் பேசாமல் கொடுத்தால், குறைத்துக் கேட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். இவ்வளவு காலம் கடை நடத்துகிற எனக்கு அது முதலிலேயே விளங்கியிருக்க வேண்டும். கல்லூரிக்கு வேண்டியதை மட்டும் கேட்கச் சொன்னேன். வேறு ஒன்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கலாம்.

நியமனக் கடிதத்தில் நீர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, புதன்கிழமைதான் வைப்பேன் என்று எழுதியிருக்கிறீர். அப்படியென்றால் பேச்சு இன்னும் முடியவில்லை. பணிப்பாளர் என்றால் கல்லூரிகளைப் பார்வையிட மாவட்டங்களுக்குப் போகத்தானே வேண்டும்? அதில் மாதத்துக்கு ஒரு கிழமை, ஏழு நாளும் திருகோணமலை என்று எழுத்தில் போடச் சொல்லும். ஏன் என்று கேட்பார்கள். துறைமுகம் இருக்கிறது, குடாவுக்கு அங்காலே தூரத்து ஊர்கள் இருக்கின்றன, புதுச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்று உமக்குச் சொல்லத் தெரியாததோ? உண்மையான காரணத்தை அமைச்சுக்கு எழுத வேண்டியதில்லை. எனக்கும் எழுத வேண்டாம்.

எடுத்த காரியம் எல்லாம் உமக்குக் கைகூட வேண்டும். இருட்டுமுன் விடுதிக்குப் போய்ச் சேரும். நேரத்துக்குச் சாப்பிடும்.

கேட்டுப் பாரும், மலர்.

உம்முடைய,
கனகு